பன்னிரண்டு மில்லிமீட்டரில் போடி லைன்

வீட்டில் மாதிரி ரயில்பாதை போட நினைப்பவர் முதலில் ஆண்டை முடிவு செய்துகொள்ள வேண்டும். ‘மதுரை ஜங்ஷன்’ என்று சொன்னால் போதாது. திருச்சியிலிருந்து பாதை வந்து சேர்ந்த 1875ஆம் ஆண்டின் மதுரையா? மண்டபத்துக்குக் கிளை பிரிந்த 1902ஆ? போடிக்கு ரயில் விட்ட 1928ஆ? எல்லாவற்றையும் ஒரே பலகையில் வைத்தால் அது கொலுப்படி ஆகிவிடும். அங்கேதான் தசாவதாரத்துக்குப் பக்கத்தில் கிரிக்கெட் டீம் நிற்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நான் எடுத்துக்கொண்டது 1985. நீராவி எஞ்சினும் டீசல் எஞ்சினும் ஒரே யார்டில் நின்ற காலம் அது. கைகாட்டி மரங்கள் இருந்தன, அட்டை டிக்கெட் இருந்தது. மெயின் லைனில் வைகை எக்ஸ்பிரஸ் இன்னும் மீட்டர் கேஜில் ஓடிக்கொண்டிருந்தது. 1977 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய அந்த வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது மதுரைக்காரர்களுக்கு அன்று பெரிய பெருமை. மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை பாசஞ்சர். பெருமை வைகைக்கு என்றாலும் எனக்குப் பிடித்தது பாசஞ்சர்தான்.

கொலுவைப் பற்றிக் குறைவாகச் சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம். நம் ஊரில் வீட்டு ரயிலின் கதை கொலுவில்தான் தொடங்குகிறது. படிகளுக்குக் கீழே தரையில் மண் பரப்பி, கேழ்வரகும் கடுகும் விதைத்து, முளைத்ததைப் பூங்கா என்போம். கண்ணாடித் துண்டு குளமாகிவிடும். விளாச்சேரியில் வாங்கிவந்த மண்பொம்மைகள் அதன் கரையில் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி ஒரு தகர ரயில். ஜெர்மனியில் மார்க்லின் கம்பெனி 1891இல் தண்டவாளத்துக்கு நிரந்தர அளவு வைத்துப் பொம்மை ரயில் விற்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1920இல் ஹார்ன்பி ரயில்கள் வந்தன. சாவி கொடுத்தால் ஓடும் அந்த வகை வண்டிகள் நம் பக்கம் எல்லார் வீட்டுக்கும் வந்துவிடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வேறு. கொழும்பிலோ பினாங்கிலோ சொந்தக்காரர் இருந்த வீட்டில்தான் நல்ல வண்டி இருக்கும், அதுவும் ஒன்பது நாள் ஓடிவிட்டுப் பரணுக்குப் போய்விடும். பரணுக்குப் போகாமல் வருஷம் முழுக்க ஓடினால்தான் அதற்கு மாதிரி ரயில்பாதை என்று பெயர். புனேயில் பாவ் ஜோஷி என்பவர் அப்படித் தன் வாழ்நாள் ஆசையை ஒரு நகரமாகவே கட்டி, 1998இல் பொதுமக்களுக்குத் திறந்தார். கோத்ரூடில் இன்றும் அதைப் பார்க்கலாம். மதுரையில் அப்படி ஒன்று இல்லை. இருப்பது என் வீட்டில் இரண்டு அறை.

அளவுக் கணக்கைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உலகத்தில் அதிகம் புழங்குவது 87இல் ஒரு பங்கு அளவு. கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்குச் சரி. நம் அகலப்பாதை 1,676. அதை 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். ஆகவே இந்திய அகலப்பாதையை மாதிரி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒடுக்கமான தண்டவாளத்தில் அகலமான பெட்டியை ஓட்டி, கண்டும் காணாமலும் இருக்கிறார்கள். மீட்டர் கேஜுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஆயிரம் மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. கடையில் பன்னிரண்டு மில்லிமீட்டர் பாதை கிடைக்கிறது. அரை மில்லிமீட்டரை யார் பார்க்கப் போகிறார்கள்? நம் மீட்டர் கேஜ் டீசலான ஒய்.டி.எம்-4 எஞ்சினை எந்தக் கம்பெனியும் இந்த அளவில் கடையில் வைத்து விற்பதாக நான் பார்த்ததில்லை. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வேயும் மீட்டர் கேஜ்தான். அதற்காக ஜெர்மனியின் பேமோ செய்யும் வண்டியின் அடிப்பாகத்தை எடுத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட்டில் நம் எஞ்சினின் உடம்பைக் கட்டிக்கொண்டேன். ஆல்ப்ஸ் மலைச் சக்கரம் என் வீட்டில் உசிலம்பட்டிக்குப் போய்வருகிறது.

இந்த மீட்டர் கேஜ் நமக்கு வந்ததே ஒரு சிக்கனக் கணக்கால். 1870இல் மேயோ பிரபுவின் அரசு செலவைக் குறைக்க ஒடுக்கமான பாதை போட முடிவு செய்தது. இந்தியா விரைவில் மெட்ரிக் அளவுக்கு மாறும் என்ற நினைப்பில் அதை ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை 1860களின் தொடக்கத்தில் போட்டிருந்த அகலப்பாதையைக்கூடப் பிடுங்கி, 1870களில் மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே மதுரைக்குப் பாதை கொண்டுவந்தபோது அது பிறப்பிலேயே மீட்டர் கேஜ். நூறு ஆண்டு கழித்து அதையெல்லாம் மறுபடி அகலமாக்கினோம். அன்றைக்கு மிச்சம் பிடித்த காசைப்போல எத்தனை மடங்கு இதற்குச் செலவானதோ!

போடி லைனுக்கு வருவோம். மூணாறில் தேயிலை விளைந்தது, அதை மலையிலிருந்து இறக்க வழியில்லை. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்றை விட்டார்கள், மாடுகள் இழுத்தன. 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலச் சின்ன ரயில் போட்டார்கள். அது டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கயிற்றுப்பாதையில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் மாட்டுவண்டியில் போடிக்கு. இன்று டாப் ஸ்டேஷனில் செல்ஃபி எடுக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பெயரில் இருக்கும் ஸ்டேஷன் எது என்று தெரியாது. கயிற்றுப்பாதையின் மேல்முனை அது. 1924இல், மலையாளிகள் இன்றும் ‘99 வெள்ளம்’ என்று சொல்லும் பெருவெள்ளத்தில், மலைமேல் ஓடிய ரயில் அழிந்தது. அதைத் திரும்பக் கட்டவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1928இல், மலையடிவாரத்துக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது. ஏலக்காய், தேயிலை, பருத்தி எல்லாவற்றுக்கும் கீழேயே ஒரு ரயிலடி கிடைத்தது.

கிடைத்தது நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களின் முற்பகுதியில்தான் திரும்பப் போட்டார்கள். 1956இல் மதுரைக் கோட்டம் அமைந்தபோது போடி லைன் மறுபடி ஓடத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அப்புறம் ஐம்பது ஆண்டுக்கு மேல் நிம்மதியாக ஓடி, 2010 டிசம்பர் 31 அன்று அகலப்பாதைப் பணிக்காக நின்றது. தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன் 15. இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயதில் சொந்த ஊரில் ரயிலைப் பார்த்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்டால் நிதி என்பார்கள். மேயோ பிரபு காலத்திலும் அதைத்தான் சொன்னார்கள்.

என் பலகையில் பாதை நெடுங்காலம் உசிலம்பட்டியோடு நின்றிருந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு போடிவரை நீட்டுவது என்று இறங்கினேன். தொண்ணூறு கிலோமீட்டர் பாதையை 87இல் ஒரு பங்காக்கினாலும் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். என் அறையின் நீளம் 18 அடி. அந்த அளவில் அது அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு; மதுரை பிளாட்பாரத்தை முழுசாக வைத்தால் அப்புறம் கதவைத் திறக்க இடமிருக்காது. எனவே எதை விடுவது என்பதுதான் முழு வேலையும். வடபழஞ்சியை விட்டேன், வாலாந்தூரை விட்டேன். மதுரையில் மேற்குக் கோடி மட்டும், உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனியில் ரோட்டை மறிக்கும் கேட், கடைசியில் போடி.

பக்கத்து அறைக்குப் போகச் சுவரில் ஓட்டை போட வேண்டியிருந்தது. “ஏங்க, சுவத்த ஒடைச்சுத்தான் போடிக்குப் போகணுமா?” என்று வீட்டில் கேட்டார்கள். அதற்குப் பதில் நிலத்திலேயே இருந்தது. மதுரைப் பக்கம் செம்மண்ணும் கரிசலும் பனையும். கணவாயைத் தாண்டித் தேனியை நெருங்க நெருங்கத் தென்னை, அதற்குப் பின்னால் மேற்குமலை எழுந்து நிற்கும். இரண்டு நிலத்தையும் பிரிப்பது ஆண்டிபட்டி மலை. வீட்டில் இரண்டு அறையையும் பிரிக்கும் சுவரையே ஆண்டிபட்டி மலையாக்கிவிட்டேன். ஒரே ஒரு தொல்லை. ஓட்டை போட்டால் அது குகை மாதிரி தெரியும். கணவாயில் குகை கிடையாது, பாறையை மேலிருந்து வெட்டி விட்ட வழி. விளாச்சேரியில் பொம்மை செய்யும் ஒருவரிடம் போய், காகிதக்கூழில் பாறைகள் செய்துதரக் கேட்டேன். “பாறைக்கு என்ன சார் அச்சு?” என்று சிரித்தவர், கணவாயை ஒருதரம் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்துகொடுத்தார். ஓட்டையின் மேல்விளிம்பை மறைக்க ஒரு புளியமரம் சாய்ந்து நிற்கிறது. மண் மட்டும் அசல். உசிலம்பட்டிப் பக்கம் அள்ளிவந்து சலித்து, ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஒட்டியது.

பாதையை நீட்டுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கரண்ட்டைத் தண்டவாளமே கடத்திக்கொண்டு போகும் என்று நம்பாதீர்கள். தூரம் கூடக் கூட எஞ்சின் சோர்ந்துவிடும். பலகைக்கு அடியில் தடித்த ஒயர் இழுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி இணைப்புக் கொடுங்கள். சித்திரை வெயிலில் மாடி அறையில் தண்டவாளம் நீளும், மழைக்காலத்தில் பிளைவுட் ஊதும். மூட்டுகளில் இடைவெளி விடுங்கள். ரயில்வேயும் அதைத்தான் செய்தது, அந்த இடைவெளியில் சக்கரம் விழுந்துதான் நமக்கெல்லாம் தெரிந்த ‘தடக் தடக்’ வந்தது. போடி போன்ற கடைசி ஸ்டேஷனில் பக்கப் பாதை ஒன்று கட்டாயம் வேண்டும். எஞ்சினைக் கழற்றி, அதன் வழியே சுற்றி வந்து மறுமுனையில் மாட்டினால்தான் வண்டி திரும்பும். என் பேரனுக்கு அந்த மாட்டுகிற வேலைதான் உயிர்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்று: “பாம்பன் பாலம் எங்கே?” பாம்பன் 1914இல் திறந்தது, 2,065 மீட்டர். இந்த அளவில் கிட்டத்தட்ட 24 மீட்டர் வரும். தெருவை அடைத்துப் பந்தல் போட்டால்தான் முடியும். தவிரவும் பாம்பனைப் படமெடுக்காதவர் இல்லை. 1964 புயலையும் 2025இல் திறந்த புதுப் பாலத்தையும் உலகமே பேசுகிறது. வளைந்து நெளிந்த போடி லைனைப் பேச ஆள் வேண்டாமா?

உண்மையில் எனக்கு வரலாறு வேண்டியிருந்தது பாறைக்கும் பாலத்துக்கும் அல்ல, சுண்ணாம்புக்கு. உசிலம்பட்டி ஸ்டேஷன் சுவரின் நிறம் என்ன? எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் எந்தப் பக்கம் நின்றது? மரம் வேம்பா, வாகையா? திறப்புவிழாத் தேதி புத்தகத்தில் இருக்கிறது, இதெல்லாம் இல்லை. அந்த லைனில் கேங்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தேடிப் போனேன். எண்பதைத் தாண்டியவர். வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டியபோது வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, “தம்பி, எல்லாம் சரி. சல்லி ரொம்பச் சுத்தமா இருக்கு. அது நிலக்கரிச் சாம்பல் கொட்டுன லைனு, ஸ்டேஷன் பக்கம் கருப்பாத்தான் கிடக்கும்” என்றார். “ஸ்டேஷன் சுவத்துல காவி எங்க அண்ணே அடிச்சிருந்தாங்க, அடியில மட்டுமா?” என்று கேட்டேன். இடுப்பளவு கையை வைத்துக் காட்டினார். அவர் கை காட்டிய உயரத்தை அளந்து, 87ஆல் வகுத்து, அந்தக் கோட்டை வரைந்தேன்.

அகலப்பாதைக்காகப் பழைய கட்டடங்கள் போயின, கைகாட்டிகள் இரும்புக்குப் போயின. போடி லைனின் பழைய முகம் இனி இருப்பது ஆட்களின் நினைவிலும் வீட்டு ஆல்பங்களிலும்தான். மதுரையிலோ உசிலம்பட்டியிலோ தேனியிலோ இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்குப் போனபோது, வழியனுப்ப வந்தபோது, 2010க்கு முன் ஸ்டேஷனில் நின்று எடுத்த படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். முன்னால் நிற்கும் சித்தப்பாவை மட்டும் பார்க்காதீர்கள், அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பலகையையும் பாருங்கள். படத்தின் பின்பக்கம் ஊரையும் ஆண்டையும் பென்சிலில் எழுதி வையுங்கள். அட்டை டிக்கெட்டையும் பழைய கால அட்டவணையையும் எடைக்குப் போடாதீர்கள். லைனில் வேலை பார்த்த பெரியவர் யாராவது தெருவில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.