55 மீன்களை வரைந்தவர்கள்

போன லீவுக்குப் பதுளைக்குப் போயிருந்தப்போ, தம்பி களிமண்ணில் ஒரு ஜந்து செஞ்சு வச்சிருந்தான். கட்டைவிரல் உயரம்தான். செதில் உடம்பு, மீன் வால், கையில் ஈட்டி. வாயை மட்டும் முதியங்கனை விகாரையின் மகரத்தைப் பார்த்துச் செஞ்சானாம். மேசை மேல வச்சு ஆடுற கற்பனைப் போர் விளையாட்டுகளுக்கு வெளிநாட்டுல இப்படிச் சின்ன உருவங்கள் விற்கிறாங்க. அதுக்கு வண்ணம் தீட்டுறதே தனிப் பொழுதுபோக்கு. யூடியூப்ல பார்த்துட்டான். வாங்க நமக்குக் கட்டாது, அதனால களிமண்.

"பெயின்ட்டை எல்லாம் மண்ணு உறிஞ்சிடுதுக்கா. முதல்ல ப்ரைமர் அடிக்கணும். அதுக்கு எங்க போறது?"

அடுப்படியிலிருந்து அம்மாயி சொன்னாங்க: "புளியங்கொட்டைய அரைச்சுப் பசை காய்ச்சித் தடவுடா."

நாங்க சிரிச்சோம். கெம்பஸ் திரும்பி, இந்திய ஓவியம் பற்றிய ஒரு கட்டுரைக்காக நூலகத்தில் புரட்டினப்போதான் தெரிஞ்சது, சிரிச்சிருக்கக் கூடாதுன்னு. மேசை விளையாட்டுக்காக நீர்வாழ் உயிரைச் சின்னதாக வரைகிற தொழில் நம்ம பக்கத்து நாட்டில் பல நூறு வருஷமாக இருந்திருக்கிறது. அதன் முதல் பூச்சே புளியங்கொட்டைப் பசைதான்.

அந்த விளையாட்டின் பெயர் கஞ்சிஃபா. கையால் வரைந்த வட்டச் சீட்டுகள். 1527இல் சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்கு இந்தச் சீட்டுகளை அனுப்பியதாகப் பாபர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். முகலாய அரண்மனையில் புழங்கிய வழக்கமான கட்டில் 8 இனம், 96 சீட்டு. அது ஊர் ஊராகப் பரவியபோது உள்ளூர் ஓவியர்கள் அதைத் தங்கள் கதைக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்படி வந்ததுதான் தசாவதாரக் கஞ்சிஃபா: 10 அவதாரத்துக்கு 10 இனம், ஒவ்வொன்றிலும் ராஜா, மந்திரி, பிறகு 1 முதல் 10 வரை எண் சீட்டு. மொத்தம் 120.

முதல் இனம் மச்சம், இரண்டாவது கூர்மம். மச்ச ராஜா சீட்டில் இடுப்புக்கு மேல் கடவுள், கீழே மீன். எண் சீட்டுகளில் எண்ணிக்கைக்கு ஏற்ப மீன்கள். இப்போ ஒரு கணக்குப் போடுங்க. 1 முதல் 10 வரை கூட்டினால் 55. அதாவது ஒரு கட்டுக்கு 55 குட்டி மீன்களை ஒருவர் கையால் வரையணும். பிறகு 55 ஆமை. உள்ளங்கையளவு வட்டத்துக்குள் 10 மீன் நெரிசல் இல்லாமல் நிற்கணும். எல்லாம் ஒரே மாதிரியும் இருக்கணும், இல்லாட்டி ஆடுறவர் குழம்பிடுவார்.

மேற்கு வங்காளத்தின் பிஷ்ணுபூரில் மல்ல அரசர்கள் காலத்திலிருந்து ஃபௌஜ்தார் குடும்பத்தினர் இதைச் செய்து வருகிறார்கள். துணியை அடுக்கடுக்காகப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டுவார்கள். மேலே சுண்ணத்தூள் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, வட்டமாக வெட்டுவார்கள். அதுக்குப் பிறகுதான் வண்ணம். பின்பக்கம் அரக்கு. தம்பி தேடின ப்ரைமர் இதுதான். வண்ணத்தை உறிஞ்சவிடாமல் பிடித்து வைக்கும் தளம்.

இதில் வர்க்கமும் இருக்கிறது. அரண்மனைக்குச் செய்தது 'தர்பார் கலம்'. தந்தத்தில், ஆமை ஓட்டில்கூட வரைந்தார்கள். சந்தையில் விற்றது 'பஜார் கலம்'. அது துணி, மரம், ஓலை. இன்று லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் போன்ற மியூசியங்களில் கஞ்சிஃபாவைப் பார்க்கலாம். ஆனால் ஏழை வீட்டில் கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்த கட்டை யார் எடுத்து வைப்பா?

அப்புறம் அச்சடித்த ஐரோப்பியச் சீட்டு மலிவாக வந்தது. 55 மீன் வரைகிறவரால் அதோடு போட்டி போட முடியுமா? மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் தொழில் கிட்டத்தட்ட நின்றே போனது. அங்கே முன்னாள் அரச குடும்பத்தின் சிவராம் ராஜே போன்ஸ்லேயும் சத்வசீலாதேவியும், வேலை தெரிந்த வயோதிகரான புண்டலிக் சித்தாரியிடம் கற்றுக்கொண்டு, 1970களில் அரண்மனையிலேயே பட்டறை வைத்து அதை மீட்டார்கள். அந்த ஒரு பெரியவர் முன்னமே போயிருந்தால்?

கஞ்சிஃபாவில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. பாதி இனங்களில் 10 பெரிசு, மீதிப் பாதியில் 1 பெரிசு. அதாவது ஒன்று பத்தை அடித்துவிடும் நிலையும் வரும். நம்ம ஊரில் ஆடுற 304 ஞாபகம் வருதா? ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10. ராஜாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. நாலு இனத்தையும் கூட்டினா 304. தொரைக்கும் கங்காணிக்கும் பயந்து பகலைக் கழித்தவர்கள், ராத்திரி சீட்டைக் கையில் எடுத்தால் ராஜாவை ஒன்பதால் வெட்டலாம். இதை ஆடின நம்ம தாத்தாக்கள் என்ன நினைச்சுச் சிரிச்சிருப்பாங்கன்னு யோசிக்கிறேன்.

ஆனா அதைச் சொல்ல நம்மகிட்ட என்ன பொருள் இருக்கு? லயத்து இஸ்தோப்பில் கரித்துண்டால் கீறின தாயக்கட்டம் அடுத்த மழையில் அழிஞ்சிடும். ஆடு புலிக்குச் சின்னக் கல்லு, தாயத்துக்கு உடைஞ்ச வளையல். ஒரு பக்கம் தேய்ச்சு வெள்ளையாக்கின புளியங்கொட்டைதான் பகடை. ஆட்டம் முடிஞ்சதும் கூட்டித் தள்ளிடுவோம். தோட்டங்களின் வரலாறு என்று நாம் வாசிக்கிறது பெரும்பாலும் தேயிலை எத்தனை இறாத்தல், சம்பளம் எவ்வளவு, யார் எப்போ நாடு கடத்தப்பட்டார் என்பதுதான். அதெல்லாம் எழுதப்படத்தான் வேணும். ஆனா வேலை முடிஞ்ச பிறகும் அவங்க மனுஷங்களாத்தானே இருந்தாங்க? எப்படி விளையாடினாங்க, எதை வச்சு, என்ன விதியில் என்பதும் வரலாறுதான். சாவந்த்வாடிக்கு அரண்மனை இருந்தது. நமக்கு இருப்பது கையில் போனும், இன்னும் உயிரோட இருக்கிற அம்மாயிகளும்.

அதனால இந்த முறை வீட்டுக்குப் போனப்போ அம்மாயியை உட்கார வச்சுத் தாயம் ஆடினேன். கட்டத்தைப் படம் எடுத்தேன், விதிகளை எழுதிக்கிட்டேன். 2 மணி நேரத்துல 4 தடவை என்னைத் தோற்கடிச்சாங்க. மலைக் கோயில் பக்கத்து டிவிசன்ல விதி வேற மாதிரியாம். அங்கேயும் போகணும்.

தம்பியோட மீன் ஜந்து இப்போ நீலமும் பச்சையுமா ஜன்னல்ல நிக்குது. புளியங்கொட்டைப் பசை 2 தடவை, மேல சுண்ணாம்பு ஒரு தடவை. பெயின்ட் உரியவே இல்ல.