விசைப்படகில் பாரம் எங்கே இருக்க வேண்டும்?



நிறைந்த பால் வாளிகளைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு மேடு ஏறியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பின்னால் பாரம் மிகுந்தால் முன்சக்கரம் தரையில் நிலைக்காது. சைக்கிள் பிடிக்கு அடங்காது. அதே பாலை இரண்டு வாளிகளில் சமமாக ஊற்றிக் காண்டாக் கம்பில் சுமந்தால் நடை தடுமாறுவதில்லை. பாரம் ஒன்றுதான்; அதை வைக்கும் இடம்தான் வேறு.

கடலில் ஓடும் விசைப்படகுக்கும் இதே விதிதான். சிறிய படகில் இருப்பவற்றுள் மிகக் கனமானது பெரும்பாலும் அதன் இஞ்சின். அதை எங்கே வைப்பது என்பதை மனிதர் எவ்வாறு கற்றார்கள் என்பதை இன்று காண்போம்.

தொடக்ககால விசைப்படகுகளில் இஞ்சின் பெரும்பாலும் படகின் நடுப்பகுதியில் இருந்தது. அங்கிருந்து ஓர் இரும்புத் தண்டு சரிவாகப் பின்னோக்கிச் சென்று, படகின் அடியிலுள்ள விசிறியைச் சுழற்றியது. நடுவில் பாரம் இருந்ததால் படகு சமநிலையில் மிதந்தது. ஆனால், ஆட்கள் அமரவேண்டிய இடத்தை இஞ்சின் பிடித்துக்கொண்டது.

1909ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்பவர், படகின் பின்பலகையில் மாட்டும் இஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் ஆற்றல் ஒன்றரைக் குதிரைசக்தி மட்டுமே. கழற்றி எடுக்கலாம், படகினுள் இடமும் மிச்சம். ஆனால் பாரம் முழுவதும் பின்னால் போயிற்று. பிற்காலத்தில் இத்தகைய இஞ்சின்கள் பெரிதாகப் பெரிதாக, அதன் விளைவு தெளிவாகத் தெரிந்தது.

பின்பாரம் மிகுந்த படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அமைதியான நீரில் இது வேகத்துக்கு உதவும். எதிரலையிலோ, மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பி, பிறகு 'படார்' என்று நீரில் மோதும். முன்பாரம் மிகுந்தாலும் ஆபத்துதான். பின்னாலிருந்து பேரலை தள்ளும்போது மூக்கு நீரில் குத்திக்கொள்ளும். படகின் பின்பகுதி பக்கவாட்டில் திரும்பி, படகே கவிழக்கூடும். ஆகவே முன்னும் பின்னும் அளவோடு இருப்பதே நலம்.

1958ஆம் ஆண்டில் ஜிம் வின் என்ற அமெரிக்கர் ஒரு நடுவழியைக் கண்டார். இஞ்சினைப் படகினுள்ளே பின்பலகையை ஒட்டி வைத்து, விசிறியை மட்டும் வெளியே இறக்கினார். சுவீடன் நாட்டின் வோல்வோ பென்டா நிறுவனம் 1959இல் இம்முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதிலும் பாரம் பின்னால்தான் இருந்தது. எனினும் இஞ்சின் பலகையின் உயரத்தில் தொங்காமல், படகினுள் தாழ்வாக அமர்ந்தது. பாரம் தாழ்ந்திருந்தால் படகு பக்கவாட்டில் எளிதில் சாயாது.

பாரத்தைப் போலவே அடிப்பகுதியின் வடிவமும் முக்கியம் என்பதை ஒரு பந்தயம் உலகுக்குக் காட்டியது. 1960இல் மயாமியிலிருந்து நசாவுக்கு நடந்த கடற்பந்தயத்தில் கொந்தளிப்பு மிகுந்திருந்தது. ரே ஹண்ட் வடிவமைத்த, அடிப்பகுதி கூராக இறங்கிய 'மோப்பி' என்னும் 31 அடிப் படகு ஏறக்குறைய 8 மணி நேரத்தில் கரை சேர்ந்து வென்றது. அதன் உரிமையாளர் ரிச்சர்ட் பெர்ட்ரம். கோடரியின் கூர்முனை கட்டையைப் பிளப்பதுபோல், அந்தக் கூரான அடி அலையைப் பிளந்து, மோதலின் வேகத்தைத் தணித்தது.

1950களில் பம்பாயில் படகுகட்டும் பணியில் இருந்தவர் சன்னி லீவி. அவர் வடிவமைத்த 'சர்ஃப்யூரி' படகில் இரண்டு இஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடுக்கோட்டில் வைக்கப்பட்டன. படகைக் குறுகலாகவும், பாரத்தை மையத்திலும் வைக்க இது உதவிற்று. அப்படகு 1967இல் இங்கிலாந்தின் கௌஸ்–டார்க்கி பந்தயத்தில் வென்றது.

இரண்டு இஞ்சின்களை இடமும் வலமுமாகப் பக்கத்துக்கு ஒன்று வைப்பதும் உண்டு. ஒன்று நின்றுவிட்டாலும் மற்றொன்று கரை சேர்க்கும். இரண்டு விசிறிகளையும் எதிரெதிராகச் சுழலச் செய்தால், ஒன்றின் இழுப்பை மற்றொன்று சரிசெய்துவிடும்.

நேயர்களே, இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பங்கோர் தீவுக்கோ வேறொரு தீவுக்கோ குடும்பத்தோடு படகேறும் நாள் நமக்கும் வரும். இஞ்சினை வைத்தவர் அதன் இடத்தை முடிவு செய்துவிட்டார். ஆனால் பயணிகளும் பாரமே. பத்துப் பேர் ஒரே பக்கம் எழுந்து சென்றால், நிபுணர் அமைத்த சமநிலை ஒரு நொடியில் கெட்டுவிடும். கூட்டம் மிகுந்த படகில் ஏறாதீர்கள். படகோட்டி காட்டிய இடத்திலேயே அமருங்கள். அலை அதிகமுள்ள நாளில் வேகப்படகின் மூக்குப் பகுதியில் குழந்தைகளையும் முதியவர்களையும் உட்கார வைக்காதீர்கள். மோதல் அங்கேதான் மிகக் கடுமையாக இருக்கும், முதுகெலும்பையே பாதிக்கும். மிதவைச் சட்டையைக் கையில் வைத்திருப்பது போதாது. படகு புறப்படுமுன் அணிந்துகொள்ள வேண்டும்.

கடலை அடக்க யாராலும் இயலாது. ஆனால் பாரத்தை எங்கே வைப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.