புவியை அளந்த காலாட்படை வீரர்

நரிக்குடிப் பக்கத்துப் புஞ்சை வரப்புகளில் நிற்கும் சர்வே கற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில ஊர்களில் கண்மாய்க் கரையோரம் வேறொரு கல்லும் நிற்கும். போரில் மாண்ட வீரனுக்கு நட்ட நடுகல் அது. ஒன்று நிலத்தின் கணக்கு. மற்றொன்று மனிதனின் கணக்கு. இந்த இரண்டு கணக்குகளும் ஒருவர் வாழ்க்கையில் சேர்ந்து வருவதை இங்கே காண்போம். அவர் பெயர் வில்லியம் லாம்ப்டன்.

லாம்ப்டன் இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்தவர். 1781-இல் கீழ்நிலை அதிகாரியாகப் படையில் சேர்ந்து, பிறகு 33-ஆம் காலாட்படைப் பிரிவுக்கு மாறினார். வட அமெரிக்காவில் பல ஆண்டுகள் கழித்தபின் இந்தியாவுக்கு வந்தார். 1799-இல் நடந்த சீரங்கப்பட்டணப் போரில் அவரும் இருந்தார். ஓர் இரவு, விண்மீன்களைப் பார்த்துக்கொண்டு நடந்த அவர், படை தவறான திசையில் எதிரியை நோக்கிப் போகிறது என்று எச்சரித்ததாகச் சொல்வார்கள்.

போர் முடிந்ததும் அவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தென்னிந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பது, அதோடு புவியின் வடிவத்தையும் கண்டறிவது என்பதே அத்திட்டம். 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். நூறு அடி எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை வைத்து எடுக்க வேண்டியிருந்தது. மே 22-இல்தான் வேலை முடிந்தது.

ஏன் இவ்வளவு நாள்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் எஃகு தன் நீளத்தில் லட்சத்தில் 12 பங்கு விரியும். 12 கிலோமீட்டரில் இது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் பிழை. ஓர் அட்சரேகைப் பாகையின் நீளமான 110 கிலோமீட்டருக்கு 13 மீட்டர் பிழை. குமரிமுனைப் பக்கத்தில் ஒரு பாகையின் நீளத்துக்கும், ஐதராபாத் பக்கத்தில் ஒரு பாகையின் நீளத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் 80 மீட்டர்தான். அந்த வேறுபாட்டிலிருந்துதான் புவி துருவங்களில் தட்டையானது என்பதை அளவோடு சொல்ல முடியும். அதனால்தான் சங்கிலியின் அருகே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு அளவையும் திருத்தினார்கள்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அவருடைய அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியை மேலே ஏற்றும்போது, கயிறு அறுந்து அது சுவரில் மோதி வளைந்தது. லாம்ப்டன் வாரக்கணக்கில் உழைத்து அதைத் தம் கையாலேயே நேராக்கினார். கன்னியாகுமரிக்கு அருகிலிருந்து வடக்கே சுமார் பத்துப் பாகை, அதாவது ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர் தூரம் அவர் காலத்திலேயே அளக்கப்பட்டது.

1823 ஜனவரி 20-ஆம் நாள், நாகபுரிக்குச் செல்லும் வழியில் இங்கன்காட் என்னும் ஊரில் அவர் இறந்தார். இன்றைய மகாராஷ்டிரத்தின் வார்தா மாவட்டத்தில் உள்ள அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் பணியை ஏற்ற எவரெஸ்டின் பெயர் 1865-இல் உலகின் உயர்ந்த சிகரத்துக்கு வந்தது. லாம்ப்டன் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் கேள்விப்படுவதே இல்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. அவர் இறந்த நாள் தெரியும்; இடம் தெரியும். பிறந்த ஆண்டோ உறுதியில்லை. சிலர் 1753 என்பார்கள். சிலர் 1756 என்பார்கள். இன்னும் பிந்திய ஆண்டு என்போரும் உண்டு. உலகத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவரின் வயதை நம்மால் அளக்க முடியவில்லை!

பழைய பதிவுகளை அளவைக் கருவிபோல்தான் பயன்படுத்த வேண்டும். கம்பெனிப் பாதிரிமார்கள் பெயர், பதவி, படைப்பிரிவு, அடக்கம் செய்த நாள் ஆகியவற்றை ஏட்டில் எழுதி, அதன் பிரதியை இலண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றை இன்று பிரிட்டிஷ் நூலகம் பாதுகாக்கிறது. 1823 ஜனவரியில் இறந்த ஒருவருக்கு வயது 45 என்று எழுதியிருந்தால், அவர் பிறந்தது 1777 அல்லது 1778. வயதைச் சொன்னவர் உறவினரா, உடன் பணிபுரிந்தவரா என்பதைப் பொறுத்து இந்தப் பிழை எல்லை இன்னும் விரியும். ஆகவே படைப்பட்டியல், உயில், கல்லறை எழுத்து ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளியைப் பல திசைகளிலிருந்து நோக்கி உறுதிசெய்யும் முக்கோண அளவை போன்றதே இதுவும்.

ஆனால் அந்த ஏடு எல்லோருக்கும் இடம் தரவில்லை. அது கிறித்தவ அடக்கங்களின் ஏடு. லாம்ப்டனின் சங்கிலியைச் சுமந்தவர்களும், மலையுச்சிக்குக் கருவியை ஏற்றியவர்களும், கொடி பிடித்து நின்றவர்களும் பெரும்பாலும் நம்மவர்களே. காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, நடுகல்லும் இல்லை. அவர்கள் உழைப்பு வரைபடத்தில் இருக்கிறது, பெயர்தான் இல்லை.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் எழுத்துத் தேய்ந்த கற்கள் இருக்கலாம். எண்ணெயோ சுண்ணாம்போ பூசாமல், காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். எழுத்தின் பள்ளங்கள் நிழலால் தெளிவாகத் தெரியும். கண்டபடியே படி எடுங்கள். புரியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் இடம் விட்டு வையுங்கள். கல் நிற்கும் இடத்தையும் நீங்கள் பார்த்த நாளையும் சேர்த்துக் குறியுங்கள். கல் தேய்ந்துகொண்டே இருக்கிறது. இன்று வாசிக்க முடிந்த ஒரு பெயர், இன்னும் இருபது ஆண்டில் வாசிக்க முடியாமல் போய்விடலாம்.