ஊரே பெயரானவர்கள்

வல்வெட்டித்துறையில் வரலாறு படிப்பிப்பவர் கடலிலிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதை என் மாணவர்களுக்குத் தெரியும். ஆனால், இதே கடலில் விருப்பமின்றி ஏற்றப்பட்டவர்களின் கதை அவர்களுக்குத் தெரியாது. அது பெரும்பாலும் ஆட்சியாளரின் ஏடுகளிலேயே இருக்கிறது.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் நாகபட்டினமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்துக் கம்பனியின் கைக்கு மாறின. அதையடுத்துத் தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டின. சோற்றுக்காக விலைப்பட்ட ஆயிரக்கணக்கானோரைக் கம்பனி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றிச் சென்றது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அடிமைகள் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைவரை கொண்டுசெல்லப்பட்டனர்.

அவர்களைப் பற்றிய பதிவுகள் கேப்டவுன் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. இறந்துபோன எசமானின் சொத்துப் பட்டியலில் மாடு, செப்புப் பானை, கட்டில் என்பவற்றோடு மனிதரும் எண்ணப்பட்டிருக்கிறார்கள். எசமான் இட்ட ஒரு பெயர், அதன்பின் 'வங்காளத்தான்', 'இலங்கையான்', 'சோழமண்டலத்தான்' என்ற பொருளில் ஓர் ஊர்ப்பெயர். தாய் வைத்த பெயரை எழுத்தர் கேட்கவில்லை. கம்பனி 1679இல் அங்கு கட்டிய அடிமை விடுதி இன்று நூதனசாலையாக இருக்கிறது. அடிமைகளின் பெயர்களைப் பார்வையாளர் அங்கே வாசிக்கலாம்.

மக்காசரின் மார்க்க அறிஞர் ஷெய்கு யூசுபையும் கம்பனி 1684இல் இலங்கைக்கும் 1694இல் நன்னம்பிக்கை முனைக்கும் நாடுகடத்தியது. 1699இல் அங்கேயே அவர் காலமானார். இலங்கையில் இருந்தபோது அவர் எழுதிய நூல்கள் அவருக்காகப் பேசுகின்றன. அடிமைகளுக்கோ விற்றவன் எழுதிய வரிதான் மிச்சம்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், வெள்ளைக்காரர் மட்டுமா அடிமை வைச்சிருந்தவை?"

இல்லை. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்து அதிகாரி தேசவழமையைத் தொகுத்தார். தமிழ் முதலியார்கள் பன்னிருவர் அதைப் பார்த்துச் சரியென்றனர். அதில் அடிமைகளை வைத்திருப்பது பற்றியும் விதிகள் உண்டு. எழுதுவித்தவர் ஒல்லாந்தர், வழக்கம் நம்முடையது. கோவியர், சிவியார், பள்ளர், நளவர் என நான்கு சாதியார் அங்கே அடிமைகளாகக் குறிக்கப்படுகின்றனர். 1844இல் ஆங்கிலேயர் அடிமைமுறையைச் சட்டப்படி நீக்கினர். ஆனால் கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் அதன் நிழல் நீண்டகாலம் கிடந்ததை நம் பெற்றோர் கண்டிருக்கிறார்கள். என் வகுப்பில் இரு தரப்பாரின் பிள்ளைகளும் அருகருகே இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்ல எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை.

ஒல்லாந்துக் கம்பனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நெதர்லாந்து, இந்தோனேசியா, இந்தியா, தென்னாபிரிக்கா, இலங்கை ஆகிய ஐந்து நாடுகளில் அவை இருக்கின்றன. நமது பங்கு கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் காணித் தோம்புகளோடு கிடக்கிறது. 1981இல் யாழ் நூலகத்தை எரியக் கொடுத்தவர்கள் நாம். எஞ்சிய ஏட்டின் அருமையை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காணி வழக்குக்காகத் தோம்பைத் தேடியது போதும். அந்த ஏடுகளில் உள்ள மனிதரையும் தேடுவோம். பழைய ஒல்லாந்து மொழி கற்ற தமிழ் மாணவர் சிலர் உருவானால், அவ்வரிகள் எளிய தமிழில் பாடசாலைக்கு வந்துசேரும். கேப்டவுனில் சந்ததியார் முன்னோரின் பெயரைத் தேடி வாசிப்பதில் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியது விற்கப்பட்டவரின் பிள்ளைகள் அல்லவே.