மானிங்கின் அந்தரங்கக் கடிதம்: 1875

பாப்பரசரின் தவறாவரம் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கத்தோலிக்கரிடையே எழுந்த விவாதத்தை ஆராய்வோர் பலரும், லிட்டன் ஸ்ட்ரேச்சி 1918-இல் 'எமினண்ட் விக்டோரியன்ஸ்' நூலில் தீட்டிய சித்திரத்தையே ஆதாரமாகக் கொள்கின்றனர். அச்சித்திரத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் அதிமேற்றிராணியார் மானிங் அதிகார மோகம் கொண்டவர். வேதசாஸ்திரியான நியூமனோ அவர் கையில் சிக்கிய சாது. பர்ஸெல் எழுதிய மானிங்கின் சரித்திரத்திலிருந்து ஸ்ட்ரேச்சி எடுத்தாண்ட செய்திகளைப் பொய்யென்று தள்ள முடியாது. ஆனால் அவற்றைத் தேர்ந்த முறையிலேயே தீர்ப்பும் எழுதி முடிந்துவிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சாட்சியம் ஸ்ட்ரேச்சியின் நியாயசபையில் அழைக்கப்படவே இல்லை.

மானிங் தரப்பின் குற்றம் சிறிதன்று. 1859-இல் 'ராம்ப்ளர்' பத்திரிகையில் நியூமன் எழுதிய கட்டுரை ரோமையில் முறையிடப்பட்டபோது, விளக்கம் தர அவர் முன்வந்தும், அங்கே தயாரான வினாக்கள் அவர் கைக்கு எட்டவே இல்லை. 1867 வரை அவர் காரணம் அறியாமலே சந்தேகத்துக்கு உட்பட்டிருந்தார். கத்தோலிக்க ஆசிரியனைக் கேளாமல் அவன் நூலைக் கண்டிப்பது தகாதென்ற பதினான்காம் ஆசீர்வாதப்பரின் 1753-ஆம் ஆண்டு விதியின் கருத்துக்கே இது முரணானது. பழி கர்தினால் வைஸ்மனுடையதா, மானிங்குடையதா என்பது இன்னும் தீராத வினா.

இனி நான் முக்கியமாகக் கருதும் சாட்சியத்துக்கு வருகிறேன். தவறாவரத்தைத் தாக்கி எழுதிய அரசியல்வாதி கிளாட்ஸ்டனுக்கு மறுமொழியாக, நார்போக் பிரபுவுக்கு எழுதிய கடிதமென்ற வடிவில் 1875 ஜனவரியில் நியூமன் வெளியிட்ட நூல், தவறாவரத்தை ஏற்று நின்றே அதன் எல்லைகளை வரையறுத்ததோடு, மானிங் தரப்பைச் சேர்ந்த தீவிரப் போக்குடைய வைதிகரையும் கண்டித்தது. ரோமையில் அதிருப்தி எழுந்தது. அவ்வேளை, பிப்ரவரி மாதத்தில், விசுவாசப் பரப்புதல் சபையின் தலைவரான கர்தினால் பிராங்கிக்கு மானிங் எழுதிய கடிதம் நியூமனைக் காத்து நிற்கிறது. அவருடைய இருதயம் நேர்மையானது, கத்தோலிக்கமானது என்று அது சான்று கூறுகிறது. அந்நூல் பிற சபையாரிடம் நற்பயன் விளைத்திருப்பதை எடுத்துக்காட்டுகிறது. பகிரங்க நடவடிக்கை உள்நாட்டுச் சச்சரவைக் கிளறுமென எச்சரிக்கிறது.

இது வெறும் ராஜதந்திரம் என்று ஆட்சேபிக்கலாம். கிளாட்ஸ்டனுக்கு எதிரே பிளவு தெரியாதிருப்பது மானிங்குக்கும் வேண்டியதே. ஆயினும் அந்நோக்கத்துக்கு மௌனத்தைக் கோருவதே போதுமானது. இருதயத்தின் நேர்மைக்குச் சான்று தரவேண்டிய அவசியம் இல்லை. தம் தரப்பைக் கண்டித்த நூலொன்றைக் குறித்து, அந்நூலாசிரியன் காணமாட்டான் என்று நம்பிய அந்தரங்கக் கடிதத்தில் ஒருவர் இவ்விதம் எழுதுவாரானால், அதைச் சூழ்ச்சியென்று கொள்வதற்கே ஆதாரம் தேவை; தர்ம சிந்தையென்று கொள்வதற்கன்று. மானிங்கின் மனத்துள் இருந்ததை நிரூபிக்கும் வேறு பத்திரத்தை நான் காட்டவில்லை என்பதையும் வாசகர் மனத்தில் கொள்ளவேண்டும்.

பிற்பாடு ரோமை, குறைகளை நியூமனுக்கு வாய்மொழியாக அறிவிக்குமாறு மேற்றிராணியார் உல்லத்தோர்னைக் கேட்டபோது, அவர் அதை ஏற்காமல், நியூமனிடமே நேராகத் தெரிவிக்கலாமென்று பதில் எழுதினார். 'ராம்ப்ளர்' விவகாரத்தில் மீறப்பட்ட நியாயம் இங்கே மீண்டும் நிலைபெறுவதைக் காண்கிறோம்.

மானிங்கும் நியூமனும் மீண்டும் நண்பர்களாகவில்லை; 1879-இல் நியூமனுக்குக் கர்தினால் பதவி வந்த வேளையில் மானிங் நடந்துகொண்ட விதமும் ஐயத்துக்கு இடமளிக்கிறது. ஆகவே 1875-ஆம் ஆண்டுக் கடிதம் மானிங்கைக் குற்றமற்றவராக்காது. அக்கடிதத்துக்கு இடமளிக்காத ஸ்ட்ரேச்சியின் தீர்ப்பை மட்டும் மறுவிசாரணைக்கு உரியதாக்குகிறது.