தலைவலி வந்தாலே 'மறுபடியும் அதுவா?' என பயமா? மூளை நீர் அழுத்தம் திரும்பியதா என்று காட்டிக்கொடுப்பது எது?

சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆச்சு. மாத்திரையும் நிறுத்தியாச்சு. ஆனாலும் காலையில் லேசாகத் தலை வலித்தால் போதும், மனசு 'திக்'கென்று ஆகிவிடும். மறுபடியும் முதுகில் ஊசியா? கண் பார்வை போயிடுமா?

ஐ.ஐ.எச் எனப்படும் மூளை நீர் அழுத்த பாதிப்பிலிருந்து மீண்ட பலர் இந்தப் பயத்தோடுதான் நாட்களைக் கடத்துகிறார்கள். அது தேவையில்லாத பயமும் இல்லை. இந்தப் பிரச்சனை சிலருக்குத் திரும்ப வரும். ஆனால் எதைக் கவனிக்கணும்னு தெரிந்தால் பாதி பாரம் இறங்கிவிடும்.

ஐ.ஐ.எச் என்றால் என்ன?

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு தெளிவான திரவம் இருக்கிறது. பெரியவர்களுக்கு இதன் அளவு சுமார் 150 மில்லி. தினமும் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரந்து, பழையது ரத்தத்தில் கலந்துவிடும். இந்தக் கணக்கு தவறினால் அழுத்தம் ஏறும். கட்டி, ரத்தக்கட்டு என எந்தக் காரணமும் ஸ்கேனில் தெரியாமலே அழுத்தம் ஏறுவதுதான் 'இடியோபதிக் இன்ட்ராகிரேனியல் ஹைப்பர்டென்ஷன்'. சுருக்கமாக ஐ.ஐ.எச்.

முதுகில் ஊசி போட்டு அழுத்தத்தை அளக்கும்போது, பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிகம் என்று கணக்கு. குழந்தை பெறும் வயதில் இருக்கும், உடல் எடை கூடிய பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

தலைவலி வந்தாலே திரும்பிடுச்சுன்னு அர்த்தமா?

இல்லை. அழுத்தம் சரியான பிறகும் பலருக்குத் தலைவலி தொடரும். அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி போலவே இருக்கும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையாலேயே கூட தலைவலி வரலாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தலைவலியே இல்லாமல் பார்வை நரம்பு வீங்கலாம். அதனால் தலைவலியை மட்டும் வைத்து முடிவு பண்ண முடியாது. கண்ணைத்தான் பார்க்கணும்.

எந்த அறிகுறி வந்தால் உஷாராகணும்?

* குனிந்து நிமிரும்போது சில நொடிகள் பார்வை மங்குவது, இருட்டுவது
* நாடித்துடிப்போடு சேர்ந்து காதுக்குள் 'வுஷ் வுஷ்' சத்தம்
* ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது
* பக்கவாட்டில் வருபவர் தெரியாமல் போவது

இதில் எது வந்தாலும் டாக்டரிடம் காட்டணும். பார்வை திடீரெனக் குறைந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீங்க. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிடுங்க.

கண் நல்லாத்தானே தெரியுது, டெஸ்ட் எதுக்கு?

பாதிப்பு பெரும்பாலும் ஓரப் பார்வையில்தான் தொடங்கும். நேராக இருக்கும் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிப்பவருக்கும் ஓரப் பார்வை குறைந்திருக்கலாம். அதனால்தான் கண்ணில் சொட்டு மருந்து விட்டு நரம்பைப் பார்ப்பது, 'விஷுவல் ஃபீல்டு' டெஸ்ட், ஓ.சி.டி ஸ்கேன் ஆகியவற்றைச் செய்யச் சொல்கிறார்கள். டாக்டர் சொன்ன தேதியைத் தள்ளிப்போடாதீங்க.

திரும்ப வராமல் தடுக்க முடியுமா?

முழு உத்தரவாதம் கிடையாது. ஆனால் திரும்ப வருவதற்கும் எடை கூடுவதற்கும் தொடர்பு இருக்கிறது. நோய் அடங்க 15 சதவீதம் வரை எடை குறைக்க வேண்டியிருக்கலாம் என்று பிரிட்டன் நிபுணர்கள் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. 80 கிலோ எடை உள்ளவருக்கு அது 12 கிலோ. சொல்வது சுலபம், செய்வது கஷ்டம்தான். அதனால் வீட்டில் உள்ளவர்கள் குத்திக்காட்டாமல் கூட நிற்கணும்.

வட அமெரிக்காவில் 165 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு அசெட்டசோலமைடு மாத்திரை எடுத்தவர்களின் பார்வை கூடுதலாகத் தேறியது. இந்த மாத்திரையால் விரல் நுனிகளில் மரமரப்பு வரலாம், சோடா குடித்தால் சுவை மாறித் தெரியலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீங்க.

முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக், அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ ஆகியவையும் மூளை நீர் அழுத்தத்தை ஏற்றலாம். எந்த டாக்டரிடம் போனாலும் 'எனக்கு ஐ.ஐ.எச் இருந்தது' என்று முதலில் சொல்லிடுங்க. கர்ப்பம் ஆக நினைத்தாலும் முன்பே சொல்லணும். சிலருக்குத் தரப்படும் டோபிராமேட் மாத்திரை கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கலாம்.

பயத்தை எப்படிச் சமாளிப்பது?

தலை வலித்த நாள், நேரம், கூடவே கண்ணில் ஏதாவது மாற்றம் இருந்ததா என்பதை போனிலேயே குறித்து வையுங்கள். பழைய கண் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீங்க. ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். பயத்தால் தூக்கமே போச்சுன்னா, அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்க.

(இது பொதுவான தகவல் மட்டுமே. சிகிச்சை தொடர்பான எந்த முடிவையும் மருத்துவரின் ஆலோசனைப்படி எடுக்கவும்.)