வினையும் பெயரும்: திருமறை மொழிபெயர்ப்பு வரலாறு கற்பிப்பது

வினைச்சொல் பெயராக மாறுவதை இலக்கணச் செய்தியென்று மட்டும் எண்ணுவோர் பலர். திருமறையைப் போதிப்போருக்கோ அது இறையியல் செய்தியுமாகும். கிரேக்க மூலத்தில் 'பிஸ்டிஸ்' என்னும் பெயரும் 'பிஸ்டியூவோ' என்னும் வினையும் ஒரே வேரில் பிறந்தவை. யோவான் தம் சுவிசேஷத்தில் அப்பெயரை ஓரிடத்தும் ஆளவில்லை. வினையையோ 90-க்கு மேற்பட்ட முறை ஆள்கிறார். அவருக்கு விசுவாசம் என்பது உடைமையன்று, செயல்.

ஆங்கிலத்தில் இவ்வேருறவு அறுந்துபோயிற்று. 'பெயித்' என்பது இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த பெயர். அதற்கு வழக்கிலுள்ள வினை இன்மையால், 'பிலீவ்' என்னும் வேறொரு சொல் வினையாக நிற்கிறது. 'பிலீவ்' என்பது 'பிலீப்' எனத் திரிந்து பெயராவது, நம் 'கெடு' என்பது 'கேடு' ஆவதை ஒக்கும். 'ஹோப்', 'லவ்' என்பனவோ எம்மாற்றமுமின்றி வினையாகவும் பெயராகவும் நிற்பவை. 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தில் டிண்டேல் 1526-இல் 'லவ்' என்றே எழுதினார். 1611-ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு அங்கே 'சாரிட்டி' என்னும் பெயரை வைத்தது. அச்சொல் நாளடைவில் தருமம் என்னும் அளவுக்குச் சுருங்கிற்று. 1881-இல் திருத்தியோர் 'லவ்' என்பதையே மீண்டும் ஏற்றனர்.

தமிழில் தொழிற்பெயர் விகுதிகள் பல உள்ளன. இத்தகைய சொல்வளமுள்ள மொழியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715-இலும், பப்ரிஷியஸின் புதிய ஏற்பாடு 1772-இலும் வெளிவந்தன. பவர் ஐயர் முதன்மையாக உழைத்த 1871-ஆம் ஆண்டுத் திருப்புதலில் 'விசுவாசம்', 'விசுவாசி' என்னும் பெயரும் வினையும், கிரேக்கத்திற்போலவே, ஒரு வேரில் இணைந்து நிற்கின்றன. ஆங்கிலத்துக்கு இயலாதது தமிழுக்கு இயன்றது. எனினும் நமக்கும் ஒரு குறை உண்டு. 'அன்பு' என்பதற்கு நேரான வினை வழக்கில் இன்மையால் 'அன்புகூர்' என்று கூட்டிச் சொல்கிறோம்.

ஒருபொருட் சொற்களிலும் விழிப்பு வேண்டும். விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்பது பழைய வரிசை. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்றாயிற்று. முன்னதில் இரண்டாவதைக் குறித்த 'நம்பிக்கை' பின்னதில் முதலாவதைக் குறிக்கிறது. இரு திருப்புதல்களையும் கையாளும் சபையில் குருவானவர் இதனை விளக்காவிடில் மக்கள் மயங்குவர்.

ஆர்.கே.பேட்டை, திருத்தணி போன்ற எல்லைப்புற ஊர்களில் தெலுங்குத் திருமறையும் வாசிக்கப்படுவதுண்டு. அதில் 'மாருமனஸ்ஸு' என்னும் சொல் மாறிய மனத்தையே பெயராக்குகிறது. நம் 'மனந்திரும்புதல்' என்பதோ '-தல்' விகுதியால் திரும்புகின்ற செயலை நினைவூட்டுகிறது. இரண்டும் வேண்டற்பாலனவே. செயலின்றி நிலை இல்லை. நிலையாக முதிராத செயலும் நிலைக்காது.

பெயர்ச்சொற்கள் உபதேசத்தைத் தொகுத்துரைக்க உதவுகின்றன. ஆனால் பிரசங்க பீடத்தில் பெயர்களே மிகுந்தால், கேட்போர் தாம் செய்யவேண்டியது யாதென்று அறியாமலே வீடு திரும்புவர். பிலிப்பியின் சிறைச்சாலைக்காரனுக்கு அப்போஸ்தலர் உரைத்த மறுமொழியில் 'விசுவாசி' என்பது ஏவல் வினை. இன்று நம் சபைகளில் அதே சொல் சபையாரைக் குறிக்கும் பெயருமாகும். அப்பெயருக்குள் அக்கட்டளை இன்னும் ஒலிக்கிறதென்று அவர்களுக்கு உணர்த்துவது நம் கடமை.